புண் இல்லாத நாளிலும் பரவும் நோய்: ஹேர்ப்பிஸ் வைரசுத் தொற்றுப் பற்றிய ஒரு நோக்கு

தொற்றுநோய்கள் பற்றி மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தொன்று உண்டு. நோயுற்றவரை அவரது நோயே காட்டிக்கொடுக்கும் என்பதே அது. கொப்புளிப்பான் கண்டவரின் உடலிற் கொப்புளங்கள் தோன்றும். கூகைக்கட்டு வந்தவரின் கன்னம் வீங்கும். அடையாளத்தைக் கண்டு விலகியிருந்தால் நோயினின்றுந் தப்பிக்கொள்ளலாம் என நாம் நம்புகின்றோம். இந்நம்பிக்கையோடு ஒட்டிய இன்னொரு கருத்தும் உண்டு. ஒருவருக்கு நோய் வந்துவிடின் அதனைக் கொடுத்தவர் யார் எனத் தேடுகின்றோம். கொடுத்தவர் அறிந்தே கொடுத்தார் என்று கொள்கின்றோம். அந்நோய் பாலுறுப்பிற் றோன்றியதாயின், பெற்றவரின் ஒழுக்கம் பற்றியும் உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம்.

இவ்விரு கருத்துக்களும் எத்துணை பிழையானவை என்பதை ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் எனும் வைரசின் பரவல் தெளிவாகக் காட்டுகின்றது. உலக மக்களுட் பெரும்பான்மையோரின் உடலில் வாழும் இவ்வைரசு, தன்னைத் தாங்கியிருப்பவர் எவ்வித நோய்க்குறியும் இன்றி இருக்கும் நாட்களிலேயே பெரிதும் பிறருக்குச் செல்கின்றது. ஆதலால், யாரிடமிருந்து வந்தது, எப்பொழுது வந்தது என்னும் வினாக்களுக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனையும், இதனை அறிந்துகொள்வது எவரெவரைக் காக்கும் என்பதனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் வரலாறும்

'ஹேர்ப்பிஸ்' என்னுஞ் சொல், ஊர்ந்து செல்லுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தோலிற் பரவிச் செல்லும் பலவகைப் புண்களைக் குறிக்கக் கிரேக்க மருத்துவர் இதனை வழங்கினர். தமிழில் 'அக்கி' என்னும் சொல்லும் ஏறத்தாழ இவ்வாறே கொத்துக் கொத்தாகத் தோன்றும் கொப்புளங்களைப் பொதுவாகக் குறித்து வந்துள்ளது. ஆயின் அக்கி எனப்படுவதிற் பெரும்பகுதி, கொப்புளிப்பானை உண்டாக்கும் வேறொரு வைரசினால் விளைவதாகும். அவ்வைரசும் நாம் ஈண்டு ஆராயும் வைரசும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் அவற்றின் பரவும் முறைகள் வேறானவை. மயக்கம் நேராதிருக்கும் பொருட்டு அக்கி என்னும் பெயரைத் தவிர்த்து, ஹேர்ப்பிஸ் என்றே இங்கு வழங்குகின்றோம்.

பிரெஞ்சு மருத்துவர் ஜோன் அஸ்ற்றூக் 1736இல் வெளியிட்ட நூலிற் பாலுறுப்புக்களிற் றோன்றும் ஹேர்ப்பிஸ் புண்களை விவரித்தார். இதன் தொற்றுந் தன்மை பின்னர்ப் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. 1919இல் லோவென்ஸ்ரைன் என்பார் மனிதரின் கொப்புளங்களிலிருந்து எடுத்த நீரை முயலின் கண்ணிற் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினார். 1962இல் ஜேர்மனியரான ஷ்னேவைஸ் இவ்வைரசு இருவகைப்படும் எனக் கண்டார். 1968இல் நாமியாஸ், டவுடில் ஆகியோர் முதலாம் வகை பெரும்பாலும் வாய், முகம் ஆகிய இடங்களிலும், இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறுப்புக்களிலும் காணப்படுவதை எடுத்துக்காட்டினர். 'பெரும்பாலும்' என்னுஞ் சொல்லை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். இவ்வெல்லை இரு வகைகளும் மீறக்கூடிய ஒன்றென்பதைப் பின்னர் நோக்குவோம்.

வைரசின் அமைப்பும் அதன் வலுக்குறைவும்

இவ்வைரசின் நடுவே டீ.என்.ஏ. இழை உண்டு. அதனைச் சூழ்ந்து இருபது முகங்களையுடைய புரதக் கூடும், அதற்கும் வெளியே கொழுப்பினாலான சவ்வொன்றும் உள்ளன. அச்சவ்வில் முட்கள்போல நிற்கும் புரதங்களே மனிதக் கலங்களைப் பற்றிக்கொள்ளும் கருவிகளாகும். அவை சிதைந்தால் வைரசு எக்கலத்தினுள்ளும் புக இயலாது. கொழுப்புச் சவ்வோ உலர்தலினாலும் சவர்க்காரத்தினாலும் மதுசாரத்தினாலும் எளிதிற் சிதைவுறும். ஆகவே மனித உடலுக்கு வெளியே இவ்வைரசு வலுவற்றது.

இதனால் விளையும் முடிவுகள் இரண்டு. முதலாவது, இவ்வைரசு சளிக்காய்ச்சல் போலக் காற்றிற் கலந்து தொலைவுக்குச் செல்வதில்லை. நீராலும் உணவாலும் பரவுவதுமில்லை. இரண்டாவது, பொருட்கள் வாயிலாக இது பரவுமென்னும் அச்சம் மிகைப்பட்டது. 1982இல் வெளியான ஆய்வொன்றில், வைரசினை வெவ்வேறு பரப்புக்களில் வைத்துப் பார்த்தபோது அது தோலில் 2 மணி நேரமும், துணியில் 3 மணி நேரமும், பிளாஸ்திக்கில் 4 மணி நேரமும் வரை பிழைத்திருக்கக் காணப்பட்டது. ஆயின் ஆய்வுகூடத்திற் பிழைத்திருத்தல் வேறு, ஒருவருக்குத் தொற்றுதல் வேறு. போதிய அளவு வைரசு, உலருமுன், மென்மையான சவ்வினையோ சிராய்ந்த தோலினையோ சென்றடைதல் வேண்டும். இந்நிபந்தனைகள் யாவும் மலசலகூட இருக்கையிலோ நீச்சற் குளத்திலோ ஒருங்கு நிறைவேறுவது அரிது. நெருங்கிய உடற்றொடர்பே இதன் உண்மையான வழியாகும்.

முழுமையான தோலும் இவ்வைரசுக்கு ஒரு தடையே. மேற்றோலின் கடினமான புறப்படை அதனை உள்ளே விடாது. உதடு, வாயின் உட்புறம், கண், பாலுறுப்பு, மலவாயில் ஆகியவற்றின் மென்சவ்வுகளும், கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறல்களுமே அதன் நுழைவாயில்கள். 1989இல் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடைபெற்ற நான்கு வார மற்போர்ப் பயிற்சி முகாமில் இது தெளிவாகப் புலனாயிற்று. அங்கு பங்குபற்றிய 175 இளைஞருள் 60 பேர் முதலாம் வகைத் தொற்றுக்கு உள்ளாயினர். புண்கள் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் தோன்றின. கைகால்களிலும் உடலிலும் கூடச் சிலருக்குக் காணப்பட்டன. மற்போரில் தோல் தோலோடு உராய்கின்றது; உராய்வினாற் சிராய்ப்பு உண்டாகின்றது; அச்சிராய்ப்பின் வழியே வைரசு புகுகின்றது. உமிழ்நீரோடு பழகும் பல்வைத்தியரும் தாதியரும் கையுறையணியாது பணியாற்றிய காலத்தில் அவர்தம் விரல்களில் இதே நோய் தோன்றியமைக்கும் காரணம் இதுவே.

உட்புகுதலும் உறங்கியிருத்தலும்

மேலணிக் கலத்தினுட் புகுந்த வைரசு, அக்கலத்தின் கருவை அடைந்து, அதனைக்கொண்டே தன்னைப் பல்கச் செய்கின்றது. கலம் அழிகின்றது, புதிய வைரசுகள் அயற்கலங்களைத் தாக்குகின்றன. கலங்கள் மிகுதியாய் அழியும்போது கொப்புளமுண்டாகி, உடைந்து, புண்ணாகி ஆறுகின்றது. தொற்றியதிலிருந்து இது தோன்றுதற்குப் பொதுவாக 2 முதல் 12 நாட்கள் செல்லும். அழிவு சிறிதாயின் எதுவும் வெளித்தோன்றாமலே போகும். தொற்றுக்குள்ளானோரிற் பெரும்பாலார்க்கு நிகழ்வது இதுவே.

இவ்வளவோடு நின்றிருப்பின் நிர்ப்பீடனம் இதனை வென்றிருக்கும். ஆனால் தோலிற் பல்கும் அதே வேளையில் வைரசு அங்கு முடிவுறும் உணர்ச்சி நரம்புகளின் நுனிகளிலும் புகுந்துவிடுகின்றது. நரம்பிழையினூடே உள்நோக்கிச் சென்று அந்நரம்புக் கலங்களின் உடல்கள் குழுமியுள்ள திரட்டினை அடைகின்றது. வாயில் தொற்றிய வைரசு முகத்தின் உணர்ச்சிக்குரிய முக்கிளை நரம்பின் திரட்டிலும், பாலுறுப்பிற் றொற்றியது முதுகந்தண்டின் அடியிலுள்ள திருவென்புத் திரட்டுக்களிலும் தங்குகின்றன. அங்கு அதன் டீ.என்.ஏ. மட்டும் நரம்புக் கலத்தின் கருவினுள் வாளாவிருக்கும். வைரசுப் புரதங்கள் ஆக்கப்படாமையால், நிர்ப்பீடனத் தொகுதிக்கு அது பெரிதும் புலப்படுவதில்லை.

சிறுவயதிற் பெற்ற தொற்று வாழ்நாள் முழுதும் உடலிற் றங்கி, இடையிடையே வெளிப்படுகின்றது என்னுங் கருத்தை அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லேன் பேர்ணெற் 1939இல் முன்வைத்தார். தங்குமிடம் நரம்புத் திரட்டே என்பதனை 1971இல் ஸ்ரீவன்ஸ், குக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் சுண்டெலிகளில் மெய்ப்பித்தனர். நோய் முற்றும் ஆறிவிட்ட எலிகளின் முண்ணாணருகிலுள்ள திரட்டுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தபோது, அவற்றினின்றும் உயிர்ப்புள்ள வைரசு மீண்டும் வெளிப்பட்டது.

காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், உளநெருக்கடி, உடற்றளர்ச்சி முதலியன உறங்கும் வைரசை எழுப்பக்கூடும். வெளிப்படையான காரணம் ஏதுமின்றியும் அஃது எழுவதுண்டு. எழுந்த வைரசு வந்த நரம்பின் வழியே திரும்பித் தோலை அடைகின்றது. அங்கு புண்ணை உண்டாக்கினாலும் உண்டாக்காவிடினும் தோலின் மேற்பரப்பில் வைரசு உதிர்கின்றது. நோய் பரவுவதற்கு இவ்வுதிர்வே போதுமானது.

இரு வகைகளும் இரு வழிகளும்

முதலாம் வகையை மனிதர் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே பெறுகின்றனர். தாயும் தந்தையும் பாட்டியும் உறவினரும் இடும் முத்தத்தின் மூலமும், வாயிற் பொருட்களை வைத்து விளையாடுஞ் சிறுவரிடையே உமிழ்நீரின் மூலமும் இது செல்கின்றது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வாய் நிறையப் புண்களும் உண்டாகும். பலருக்கு யாதும் தோன்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் 50 வயதுக்குட்பட்டோரில் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், முதலாம் வகைத் தொற்றினைக் கொண்டிருந்தனர். இத்துணைப் பெருந்தொகையினரைத் தொற்றியுள்ள வைரசினை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கருதுவது பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவின் மூலம் பரவுவது. அதே மதிப்பீட்டின்படி 2020இல் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் 52 கோடிப் பேர், ஏறத்தாழ 13 சதவீதத்தினர், இதனைக் கொண்டிருந்தனர். ஆண்களைவிடப் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். ஆணிலிருந்து பெண்ணுக்கு இது எளிதிற் செல்வதே அதற்கு முதன்மைக் காரணமாகும். தம்பதியருள் ஒருவர் மட்டும் தொற்றுடையவராயிருந்த 144 இணைகளைத் தொடர்ந்து அவதானித்து 1992இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், தொற்றில்லாத 65 பெண்களுள் 11 பேர் தம் துணைவரிடமிருந்து தொற்றினைப் பெற்றனர். தொற்றில்லாத 79 ஆண்களுள் 3 பேரே பெற்றனர். பெண் பாலுறுப்பின் மென்சவ்வுப் பரப்புப் பெரிதாயிருப்பது இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம்.

இனி, மேலே சுட்டிய எல்லைமீறலை நோக்குவோம். வாயிலுள்ள முதலாம் வகை, வாய்வழிப் பாலுறவின்போது பாலுறுப்புக்குச் செல்லவல்லது. செல்வம் மிக்க நாடுகள் பலவற்றில் இளம் வயதினரின் பாலுறுப்பிற் புதிதாய்த் தோன்றும் ஹேர்ப்பிஸ் புண்களிற் பெரும்பங்கு முதலாம் வகையினாலேயே உண்டாகின்றது. வாழ்க்கை வசதியும் சுகாதாரமும் உயர்ந்தமையால் அந்நாடுகளில் முன்போல எல்லோரும் குழந்தைப் பருவத்தில் இதனைப் பெறுவதில்லை. பாதுகாப்பளிக்கும் பிறபொருளெதிரிகள் இன்றி இளமைப் பருவத்தை அடைவோர் இவ்வைரசினைப் பாலுறவிலேயே முதன்முதலாகச் சந்திக்கின்றனர். முதலாம் வகை பாலுறுப்பில் இரண்டாம் வகையைப்போல அடிக்கடி மீண்டெழுவதில்லை.

புண்ணில்லாக் காலத்து உதிர்வு

மேற்கூறிய 1992ஆம் ஆண்டு ஆய்வின் முதன்மையான முடிவு வேறொன்றாகும். தொற்று எப்பொழுது சென்றது என்பதை ஆராயக்கூடியதாயிருந்த 13 இணைகளுள் 9 இணைகளில், வைரசினை உடையவருக்குப் புண்ணோ வேறு நோய்க்குறியோ இல்லாத காலத்திலேயே அது மற்றவருக்குச் சென்றிருந்தது. இவர்கள் தம் நோயை அறிந்தவர்கள். புண்ணுள்ள நாட்களிற் பாலுறவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள். அவ்வாறிருந்தும் தொற்று நிகழ்ந்தது.

பொலிமரேசுத் தொடர்த் தாக்கம் எனப்படும் நுட்பம், மிகச் சிறிதளவு வைரசு டீ.என்.ஏ.யையும் கண்டறிய வழிசெய்தது. இரண்டாம் வகைத் தொற்றுடைய 498 பேர் நாடோறும் தம் பாலுறுப்பிலிருந்து எடுத்த மாதிரிகளை இந்நுட்பத்தினால் ஆராய்ந்து 2011இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. நோய்க்குறிகள் தோன்றுவதுண்டெனக் கூறியோரில், ஆராயப்பட்ட நாட்களில் 20 சதவீதமானவற்றில் வைரசு காணப்பட்டது. தமக்கு ஒருபோதும் நோய்க்குறி தோன்றியதில்லை என்றோரிலும் 10 சதவீதமான நாட்களில் அது காணப்பட்டது. அதாவது தம்மை முற்றிலும் நலமுடையவராகக் கருதும் ஒருவரும் பத்து நாட்களில் ஒரு நாளேனும் வைரசினை உதிர்க்கின்றார் எனக் கொள்ளலாம். எந்த நாளில் என்பதை அவரும் அறியார். அவரைப் பரிசோதிக்கும் வைத்தியரும் கண்ணாற் பார்த்து அறியார்.

தொற்றுடையோர் எத்தனை பேர் தம் நிலையை அறிந்துள்ளனர் என்னும் வினாவும் இங்கு எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரை நடத்தப்பட்ட தேசிய அளவாய்வில், இரண்டாம் வகைத் தொற்று இருப்பதாகக் குருதிப் பரிசோதனையினாற் கண்டறியப்பட்ட 14 முதல் 49 வயதினருள் ஏறத்தாழ 87 சதவீதத்தினர் தமக்கு இந்நோய் உண்டென எந்த வைத்தியரும் கூறியதில்லை என்றனர். மருத்துவ வசதி மிகுந்த ஒரு நாட்டின் நிலையே இதுவாயின், பிற நாடுகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இந்நோயைப் பரப்புவோருள் மிகப் பலர் அறியாமலே பரப்புகின்றனர்.

மணவாழ்வில் எழும் ஐயம்

இவ்வுண்மை அறிவியலோடு நின்றுவிடுவதன்று. குடும்பங்களின் அமைதியையும் தொடுவது. மணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின் கணவனுக்கோ மனைவிக்கோ பாலுறுப்பில் முதன்முறையாக இப்புண் தோன்றுகின்றது எனக் கொள்வோம். துணைவர் தவறிழைத்தார் என்ற ஐயமே முதலில் எழும். குற்றச்சாட்டும் பிரிவும், சிலவேளை வன்முறையும் அதனைத் தொடரலாம். பழி பெரும்பாலும் பெண்ணையே வந்தடைவது நம் சமூகத்தின் வழக்கமாகும்.

ஆயின் அப்புண்ணுக்கு வேறு விளக்கங்கள் உண்டு. புண் கண்டவர் மணத்துக்கு முன்பே தொற்றினைப் பெற்று, இத்தனை காலமும் அஃது உறங்கியிருந்து இப்போதே முதலில் வெளிப்பட்டிருக்கலாம். அல்லது துணைவரின் உடலில் அவரே அறியாதவாறு நெடுங்காலமாக இருந்த வைரசு, பல ஆண்டு உறவின் பின் இப்போது தொற்றியிருக்கலாம். அல்லது துணைவர் குழந்தைப் பருவத்தில் தம் வீட்டாரின் முத்தத்தாற் பெற்ற முதலாம் வகை, வாயிலிருந்து பாலுறுப்புக்குச் சென்றிருக்கலாம். மூன்றாம் ஒருவரிடமிருந்து அண்மையிற் பெற்றமை இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு விளக்கம் மட்டுமே. புண்ணின் தோற்றத்தை மட்டும் கொண்டு இவற்றுள் எது உண்மை எனத் துணிதல் இயலாது.

குருதிப் பரிசோதனையேனும் தீர்ப்பளிக்குமோ எனின், அதற்கும் வரம்புகள் உள. வகை பிரித்தறியும் பரிசோதனை இரு வகைகளிலும் வேறுபடும் ஒரு புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடுவது. தொற்றியபின் அவை தோன்றுதற்குச் சிலருக்கு 12 வாரங்கள் வரை செல்லலாம். முதலாம் வகைக்குரிய பிறபொருளெதிரி இருப்பதனைக் கொண்டு தொற்று வாயிலுள்ளதா பாலுறுப்பிலுள்ளதா எனக் கூறமுடியாது. தொற்றில்லாதோரிற் பிழையாகத் தொற்றுண்டெனக் காட்டுவதும் நேர்வதுண்டு. புண்ணிலிருந்து மாதிரி எடுத்து வைரசின் வகையை அறிதல் சிகிச்சைக்குப் பயன்படும். தொற்றிய நாளையோ தொற்றியவரையோ அது சொல்லாது.

1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'ரைம்' சஞ்சிகை ஹேர்ப்பிஸை முகப்புக் கட்டுரையாக்கி, இழிவின் புதிய முத்திரையாக அதனைச் சித்திரித்தது. பலருக்குச் சில நாட் புண்ணாக மட்டும் அமையும் ஒரு நோய், உடலைவிட உள்ளத்தையே பெரிதும் வருத்துவதாக மாறுதற்கு இத்தகைய சித்திரிப்புக்கள் துணைபோயின. வெட்கத்தினால் நோயை மறைப்பவர் துணைவரிடம் கூறார், வைத்தியரிடமும் செல்லார். பழிகூறும் சமூகம் தன்னையறியாமலே வைரசின் பரவலுக்கு உதவுகின்றது.

புதிதாய்ப் பிறந்த சிசுவும் எச்.ஐ.வி. தொற்றும்

பெரியவர்களில் இந்நோய் அரிதாகவே உயிராபத்தை விளைவிப்பது. சிசுவின் நிலை வேறு. அதன் நிர்ப்பீடனம் முதிராதது. வைரசு ஈரலுக்கும் மூளைக்கும் விரைந்து பரவக்கூடும். உடலெங்கும் பரவிய நிலையிற் சிகிச்சையளிக்காவிடின் ஐவரில் நால்வருக்கு மேல் இறப்பர். அசைக்குளோவிர் என்னும் மருந்தினைக் குருதி நாளத்திற் செலுத்துவதனால் இவ்விறப்புக்கள் பெரிதும் குறைந்துள்ளன. பிழைத்தோரிற் சிலருக்கு மூளைப்பாதிப்பு எஞ்சுவதுண்டு. உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 14,000 சிசுக்கள் இந்நோய்க்கு உள்ளாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

சிசு பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயின் பிறப்பு வழியிலுள்ள வைரசினால் தொற்றப்படுகின்றது. இங்கு பலரும் எதிர்பாராத உண்மையொன்று உண்டு. நெடுங்காலமாகத் தொற்றினையுடைய தாயின் சிசுவுக்கு ஆபத்து மிகக் குறைவு. அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாகும். தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடே சென்று சிசுவை ஓரளவு காப்பதே காரணம். கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினைப் பெறும் தாயிடம் அப்பிறபொருளெதிரிகள் தோன்றுதற்கு நேரம் இருப்பதில்லை. அந்நிலையிற் சிசுவுக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே தொற்றில்லாத கர்ப்பிணியை இறுதி மாதங்களில், தொற்றுடைய அல்லது தொற்றுடையவராக இருக்கக்கூடிய கணவனிடமிருந்து காத்தலே மிக இன்றியமையாதது. வாய்வழிப் பாலுறவும் இதில் அடங்கும். பிரசவ வேளையிற் புண் காணப்படின் சத்திர சிகிச்சை மூலம் பிள்ளையை எடுப்பர்.

சிசுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் பிறந்த பின்பே தொற்றினைப் பெறுகின்றனர். உதட்டிற் கொப்புளமுள்ள ஒருவர் குழந்தையை முத்தமிடுவது அதற்குப் போதுமானது. பிள்ளை பார்க்க வருவோர் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவது நம்மிடையே அன்பின் வெளிப்பாடாகும். உதட்டிற் புண்ணுள்ளவர் கையைக் கழுவிக்கொண்டு, எட்டநின்று பார்த்துச் செல்வதும் அதே அன்பின் வெளிப்பாடே என்பதை நாம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். தாய்க்கே உதட்டிற் புண் இருப்பின் அஃது ஆறும்வரை முகத்தை மறைத்துக்கொண்டு பாலூட்டலாம். முலையிற் புண்ணிருந்தால் மட்டும் அப்பக்கத்துப் பாலைத் தவிர்த்தல் வேண்டும்.

இரண்டாம் வகைத் தொற்றுடையோர் எச்.ஐ.வி. தொற்றினைப் பெறும் வாய்ப்பு, மற்றையோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகும். புண் எச்.ஐ.வி.க்கு வாயில் திறப்பதோடு, அது குறிவைக்கும் வெண்கலங்களையும் அவ்விடத்திற் கூட்டுகின்றது; புண் ஆறிய பின்னரும் அக்கலங்கள் அங்கு தங்கியிருப்பதாக 2009இல் அறியப்பட்டது. இதனாலேயே தோலளவில் நிற்கும் சிறு நோயென இதனைப் புறக்கணித்தல் தகாது.

தடுப்பதற்குள்ள வழிகள்

இவ்வைரசினை உடலினின்றும் முற்றாக நீக்கும் மருந்தோ, அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ இல்லை. 8,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிப் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிய தடுப்பூசிப் பரிசோதனையொன்று இரண்டாம் வகையைத் தடுக்கவில்லை என 2012இல் அறிவிக்கப்பட்டது. எனினும் பரவலைக் குறைக்கும் வழிகள் உள.

புண் தோன்றியதிலிருந்து முற்றும் ஆறும் வரை உதிர்வு மிகுதியாயிருக்கும். அந்நாட்களில் முத்தத்தையும் பாலுறவையும் தவிர்த்தல் முதலாவது வழி. புண் எழுமுன் அவ்விடத்திற் றோன்றும் கூச்சமும் எரிவும் அரிப்புமே எச்சரிக்கையாகும். அப்போதிருந்தே விலகியிருத்தல் நன்று. புண்ணைத் தொட்ட கையாற் கண்ணைத் தொடலாகாது. விழிவெண்படலத்திற் பற்றும் ஹேர்ப்பிஸ் பார்வையைப் பறிக்கவல்லது.

புண்ணில்லாக் காலத்து உதிர்வினை இவ்வழி தடுக்காது. அதற்குரியவை ஆணுறையும் மருந்துமாகும். ஆபிரிக்கத் தம்பதியரிடையே நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வில், ஆணுறையின் பயன்பாடு இரண்டாம் வகை ஆணிலிருந்து பெண்ணுக்குச் செல்வதை 96 சதவீதமும், பெண்ணிலிருந்து ஆணுக்குச் செல்வதை 65 சதவீதமும் குறைத்தது. ஆணுறை மறைக்காத தோலிலிருந்தும் வைரசு உதிர்வதே முழுப் பாதுகாப்புக் கிட்டாமைக்குக் காரணம். நாடோறும் வலசைக்குளோவிர் 500 மில்லிகிராம் உட்கொள்வதன் பயனை 1,484 இணைகளில் ஆராய்ந்த முடிவுகள் 2004இல் வெளியாயின. தொற்றுடையவர் மருந்தினை உட்கொண்ட இணைகளில் 1.9 சதவீதத்திலும், மருந்தற்ற மாத்திரையை உட்கொண்ட இணைகளில் 3.6 சதவீதத்திலும் தொற்று நிகழ்ந்தது. இவ்விரு வழிகளையும் மேற்கொள்வதற்குத் தம் நிலையைத் தாமறிதலும், துணைவரிடம் அதனை அஞ்சாது கூறுதலும் முன்நிபந்தனைகளாகும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரசு நெருங்கிய உடற்றொடர்பினாற் பரவுகின்றது என்பதும், நரம்புத் திரட்டில் வாழ்நாள் முழுதும் தங்குகின்றது என்பதும், நோய்க்குறியற்ற நாட்களிலும் தோலில் உதிர்கின்றது என்பதும், அதனைத் தாங்கியிருப்போரிற் பெரும்பாலார் அதனை அறியார் என்பதும் பெறப்படும். இவற்றை ஏற்பின், இந்நோய் கண்டவரிடம் நாம் வினவும் வினாவும் மாறுதல் வேண்டும். யாரிடமிருந்து பெற்றாய் என்பதற்கு அவரால் உண்மையான விடை கூற இயலாதிருக்கலாம். இனி யாருக்குச் செல்லாது காக்க வேண்டும், வீட்டிற் கர்ப்பிணி உண்டா, சிசு உண்டா என்னும் வினாக்களுக்கு அவரால் விடை கூறமுடியும். அவ்விடைகளைக் கொண்டு செய்யத்தக்கவையும் பலவுள. வைத்தியர்களும் ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இவ்வுண்மைகளைத் தமிழில், வெட்கமும் மறைப்புமின்றி, பொதுமக்களுக்கு எடுத்துக்கூற முன்வருதல் வேண்டும்.